கடைசி அரை மணி நேரத்துக்காக ஒரு வண்டி: கிராஸ் கன்ட்ரி பந்தயத்துக்கு குவாடைத் தயார் செய்வது

ஸ்போர்ட் குவாட் ஒன்றை, அதாவது ஹேண்டில்பார் வைத்து ஓட்டும் நான்கு சக்கர மண்தட வண்டி ஒன்றை வாங்கி, கொஞ்ச நாள் மண்ணிலும் மேட்டிலும் ஓட்டிப் பழகி, சரி, இனி பந்தயத்தில் இறங்கிப் பார்க்கலாம் என்று நினைக்கிற எல்லோரும் முதலில் கேட்பது இன்ஜினைப் பற்றித்தான். சைலன்சரை மாற்றலாமா, பெரிய பிஸ்டன் போடலாமா, கேம் மாற்றினால் எவ்வளவு குதிரைத்திறன் கூடும்? கிராஸ் கன்ட்ரியைப் பொறுத்தவரை இவையெல்லாம் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்விகள். முதலில் பார்க்க வேண்டியவை வண்டியின் அகலம், டயர், சஸ்பென்ஷன், அப்புறம் உங்கள் கை. ஏன் இந்த வரிசை என்று புரிந்துவிட்டால் மீதி வேலைகள் தானாகவே விளங்க ஆரம்பிக்கும்.

கிராஸ் கன்ட்ரி என்றால் காட்டுக்குள் வெட்டிய பாதையில், வேர், கல், சேறு, ஓடை, சரிவு, இடையிடையே திறந்தவெளி என்று பல கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. அமெரிக்காவில் நடக்கும் ஜிஎன்சிசி (கிராண்ட் நேஷனல் கிராஸ் கன்ட்ரி) தொடரில் பெரியவர்களுக்கான முக்கிய குவாட் பந்தயம் ஏறத்தாழ 2 மணி நேரம் ஓடும். மோட்டோகிராஸ் இதற்கு நேர் எதிர். அங்கே பாதை மூடிய ஒரு வளையம், தடம் அகலமானது, குதிப்பு மேடுகளை முன்கூட்டியே வடிவமைத்திருப்பார்கள், ஒரு ஓட்டம் 20 நிமிடம் அளவில் முடிந்துவிடும். கடையில் கிடைக்கும் 450 சிசி ஸ்போர்ட் குவாட்கள் பெரும்பாலும் மோட்டோகிராஸை மனதில் வைத்துச் செய்தவை. யமஹாவே 2009 மாடலாக ஒய்எஃப்இசட் 450ஆர் வண்டியை ஏறத்தாழ 49 அங்குல அகலத்தில் கொண்டுவந்துவிட்டு, அடுத்த வருஷமே காட்டுப் பாதைக்கென்று 46 அங்குல அகலத்தில் 450எக்ஸ் என்ற தனி மாடலை விட்டது. மூன்று அங்குல வித்தியாசத்துக்காக ஒரு நிறுவனம் தனி வண்டி செய்கிறது என்றால் அந்த மூன்று அங்குலம் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் முதல்முறை வண்டியைத் தயார் செய்தபோது எல்லாவற்றையும் இறுக்கமாக வைத்தேன். சக்கரத்தின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ஷாக்கைத் திருகி விறைப்பாக்கினேன், டயரில் காற்றைக் கூட்டினேன். முதல் சுற்றில் வண்டி அம்பு மாதிரி போனது. நாற்பதாவது நிமிஷத்தில் முன்கைத் தசைகள் கல்லாக இறுகிவிட்டன, பிரேக் லீவரை இழுக்க விரல் வரவில்லை, ஒரு சாதாரண இறக்கத்தில் வேகத்தைக் குறைக்க முடியாமல் புதருக்குள் போய் நின்றேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓட்ட ஆள்தான் மிச்சமில்லை. அன்றிலிருந்து எந்த மாற்றம் செய்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: கடைசி அரை மணி நேரத்தில், உடம்பு சோர்ந்து, தடம் குழி குழியாகப் பிய்ந்து கிடக்கும்போது, இது எனக்கு உதவுமா? முதல் சுற்றில் எப்படி இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமே இல்லை.

சரி, அகலத்திலிருந்து தொடங்குவோம். ஸ்போர்ட் குவாடில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் பூட்டப்பட்டிருக்கும், காரில் இருப்பதுபோல டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைவான தூரம் போக வேண்டியிருந்தும் அதனால் மெதுவாகச் சுற்ற முடியாது, அதனால் ஏதாவது ஒரு டயர் மண்ணில் வழுக்கியே ஆக வேண்டும். இந்த வழுக்கலைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கத்தான் ஓட்டுபவர் உடம்பைச் சாய்த்து ஓட்டுகிறார். வண்டி அகலமாக இருந்தால் வளைவில் கவிழாமல் உறுதியாக நிற்கும், அதனால்தான் மோட்டோகிராஸில் 50 அங்குலம் வரை போகிறார்கள். காட்டில் அந்த உறுதியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இரண்டு மரங்களுக்கு நடுவே 50 அங்குல இடைவெளி இருந்தால் 50 அங்குல வண்டி அங்கே நுழையாது. 46 முதல் 48 அங்குலம் என்பது பெரும்பாலானவர்கள் வந்து நிற்கிற இடம். அதிலும் பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கூடுதலாக அகலமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கண் பார்ப்பது முன்சக்கரத்தை, மரத்தில் போய் மாட்டுவது பின்சக்கரம்.

அகலத்தைக் குறைக்க எடுத்தவுடன், முன்சக்கரத்தை ஃப்ரேமோடு இணைக்கும் ஏ ஆர்ம் முழுவதையும் மாற்றிக் காசைக் கொட்ட வேண்டியதில்லை, முதலில் ரிம்மைப் பாருங்கள். முன்பக்க ரிம் 5 அங்குல அகலம் என்றால் அதில் 3+2 என்றோ 4+1 என்றோ எழுதியிருப்பார்கள். ரிம் ஹப்பில், அதாவது சக்கரத்தைத் தாங்கும் நடுப்பாகத்தில், பூட்டப்படும் தகட்டுக்கு உள்பக்கம் எத்தனை அங்குலம், வெளிப்பக்கம் எத்தனை அங்குலம் என்பதுதான் அந்தக் கணக்கு. 3+2 ரிம்மைக் கழற்றிவிட்டு 4+1 போட்டால் ஒவ்வொரு சக்கரமும் ஓர் அங்குலம் உள்ளே போகும், மொத்தத்தில் 2 அங்குலம் குறையும். ஆனால் உள்ளே வந்த ரிம், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனையிலோ பிரேக் காலிப்பரிலோ உரசாமல் இருக்கிறதா என்று ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்பக்கத்துக்கு அகலத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஆக்ஸில்கள் கிடைக்கின்றன, அவற்றில் ஹப்பை உள்ளேயும் வெளியேயும் நகர்த்தி வைக்கலாம்.

அடுத்தது டயர். டயரின் பக்கவாட்டில் 22x7-10 என்று இருந்தால் மொத்த உயரம் 22 அங்குலம், அகலம் 7 அங்குலம், உட்காரும் ரிம் 10 அங்குலம். கிராஸ் கன்ட்ரிக்கு முன்னால் 21 அல்லது 22 அங்குல உயரம், பின்னால் 20x11-9 அல்லது 20x10-9 என்பது வழக்கம். மோட்டோகிராஸில் பின்டயர் 18 அங்குலம். இந்த 2 அங்குலம் எதற்கு என்று கேட்டால், வண்டிக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். ஆக்ஸிலின் நடுவே செயின் ஓடும் பல்சக்கரமான பெரிய ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிஸ்க்கும் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருக்கும். 38 பல் உள்ள ஸ்ப்ராக்கெட்டின் விட்டம் ஏறத்தாழ 8 அங்குலம், அதாவது ஆக்ஸில் நடுவிலிருந்து 4 அங்குலம் கீழே வருகிறது. 18 அங்குல டயரில் ஆக்ஸில் தரையிலிருந்து 9 அங்குல உயரத்தில் இருக்கும், ஆக ஸ்ப்ராக்கெட்டுக்கும் தரைக்கும் நடுவே 5 அங்குலம்தான். டயர் அமுங்குவதைக் கழித்தால் இன்னும் குறையும். 20 அங்குல டயர் போட்டால் அது 6 அங்குலமாகிறது. காட்டில் வெட்டி விட்ட மரத்தின் அடிக்கட்டை ஒன்று அந்த ஓர் அங்குலத்தில்தான் உங்கள் செயினைத் தப்பவிடும்.

டயரின் காற்றழுத்தத்தைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். குவாட் டயரில் காரைப் போல 30 பிஎஸ்ஐ எல்லாம் கிடையாது, 4 முதல் 7 பிஎஸ்ஐ வரைதான் பேச்சே. இந்த அளவில் ஒரு பிஎஸ்ஐ வித்தியாசம் என்பது மிகப் பெரிய வித்தியாசம், அதனால் சாதாரண பெட்ரோல் பங்க் கேஜ் இதற்கு உதவாது, 10 அல்லது 15 பிஎஸ்ஐ வரை மட்டுமே காட்டும் குறைந்த அழுத்தக் கேஜ் ஒன்றை முதல் வேலையாக வாங்கிவிடுங்கள். காற்றைக் குறைத்தால் டயர் கல்லின்மேல் மடிந்து பிடிக்கும், சின்னச் சின்ன அதிர்வைத் தானே வாங்கிக்கொள்ளும், கைக்கு வரும் அடி குறையும். ரொம்பவும் குறைத்தால் கூர்மையான கல்லில் ரிம் நசுங்கும், அல்லது வளைவில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்று காற்று மொத்தமும் போய்விடும். பாறை அதிகமுள்ள தடம் என்றால் மேல் அளவுக்கும், மணலும் ஈரமண்ணும் என்றால் கீழ் அளவுக்கும் போங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து வைப்பதுதான் கணக்கு, ஓட்டிவிட்டு வந்து சூட்டில் அளந்தால் அதிகமாகத்தான் காட்டும்.

பஞ்சரானாலும் பந்தயத்தை முடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டயருக்குள் காற்றுக்குப் பதிலாக ஃபோம் துண்டுகளையோ தனித்தனிக் காற்றுப் பைகளையோ வைத்து நிரப்புவது, ஓர் இடத்தில் கிழிந்தாலும் டயர் உட்காராது. இன்னொன்று பீட்லாக் ரிம், டயரின் விளிம்பை ஒரு வளையத்தால் சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கிப் பிடிக்கும். ஃபோம் எடை கூட்டும், மாட்டுவது கடினமான வேலை. ஆனாலும் ஆரம்பத்தில் செலவு செய்ய ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இன்ஜினை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

இப்போது சஸ்பென்ஷன். புதியவர்கள் மிரளும் இடம் இது, மிரள ஒன்றுமே இல்லை. ஷாக்கில் இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய், சின்னத் துளைகள் வழியாக நகர்ந்து, ஷாக் எவ்வளவு வேகமாக அமுங்கலாம், எவ்வளவு வேகமாக விரியலாம் என்று கட்டுப்படுத்துகிறது. ஸ்பிரிங் சரியில்லாமல் எண்ணெயின் கட்டுப்பாட்டை மட்டும் திருகிக்கொண்டிருந்தால் எந்தப் பக்கம் திருகினாலும் வண்டி சரிப்படாது. எனவே முதலில் ஸ்பிரிங், அதாவது ஸேக்.

ஸேக் என்பது நீங்கள் ஏறியவுடன் வண்டி எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது. அளப்பதற்கு ஒரு டேப்பும் கூட ஒரு ஆளும் போதும். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நான்கு சக்கரங்களும் தொங்கும்படி வையுங்கள். பின்பக்கம் ஆக்ஸிலின் நடுவிலிருந்து நேர் மேலே, ஃப்ரேமில் ஓர் இடத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்து அந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கமும் அதேபோல் சக்கரத்தின் நடுவிலிருந்து. பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஹெல்மெட், பூட்ஸ், தண்ணீர்ப் பை உட்பட எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, டேங்க்கில் பந்தயத்துக்கு நிரப்பும் அளவு பெட்ரோலோடு, நீங்கள் ஓட்டும்போது நிற்பதுபோல பெக்கின்மேல் (கால் வைக்கும் மிதி) நின்று நாலைந்து தடவை வண்டியை அமுக்கி விடுங்கள். வண்டி தானாக வந்து நிற்கும் இடத்தில் கூட இருப்பவர் மறுபடியும் அளக்கட்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸேக். மொத்தப் பயணத்தில், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரத்தில், மூன்றில் ஒரு பங்கு என்பது நல்ல தொடக்கம், பின்பக்கம் 11 அங்குலம் பயணம் என்றால் மூன்றரை அங்குலம் வாக்கில். அந்த ஒரு பங்கு ஏன் வேண்டும் என்றால், சக்கரம் மேலே ஏற மட்டுமல்ல, குழி வந்தால் கீழே இறங்கவும் அதற்கு இடம் வேண்டும். ஸேக் இல்லாத வண்டியில் குழி வந்ததும் சக்கரம் அந்தரத்தில் தொங்கும், பிடிமானம் போய்விடும்.

ஸேக் அதிகமாக இருந்தால் ஸ்பிரிங்கின் மேலே இருக்கும் வளையத்தைத் திருகி ப்ரீலோடைக் கூட்ட வேண்டும், குறைவாக இருந்தால் தளர்த்த வேண்டும். இங்கே பலரும் தடுக்கி விழுகிற ஒரு விஷயம் இருக்கிறது. ப்ரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடுவதில்லை. வண்டி நிற்கும் உயரம்தான் கூடுகிறது, ஓர் அங்குலம் அமுக்க எத்தனை எடை வேண்டும் என்பது அப்படியேதான் இருக்கும். வளையத்தை நிறைய திருகியும் வண்டி தொய்ந்தே நிற்கிறது என்றால் உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் மெலிது, வேறு ஸ்பிரிங்தான் வாங்க வேண்டும். கம்பெனியிலிருந்து வரும் ஸ்பிரிங் சராசரி எடை கொண்ட ஒருவரை நினைத்துப் போட்டது, நீங்கள் அந்தச் சராசரியில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே.

உயரம் சரியானதும் கம்ப்ரெஷன், அதாவது ஷாக் அமுங்கும்போது வரும் தடுப்பு. நல்ல ஷாக்கில் இதற்கு இரண்டு திருகிகள் இருக்கும், ஒன்றுக்கு லோ ஸ்பீட், மற்றதற்கு ஹை ஸ்பீட் என்று பெயர். இந்த வேகம் வண்டியின் வேகம் இல்லை, ஷாக்கின் தண்டு உள்ளே போகும் வேகம். வளைவில் வண்டி மெல்லச் சாய்கிறது, பிரேக் பிடித்ததும் முன்பக்கம் தாழ்கிறது, இவை லோ ஸ்பீட். வேரிலும் கல்லிலும் சக்கரம் படார் என்று மோதுகிறது, வண்டி 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தாலும் இது ஹை ஸ்பீட். கிராஸ் கன்ட்ரிக்கு ஹை ஸ்பீடை மென்மையாக வைத்து லோ ஸ்பீடை நடுவாக விட்டுவிடுங்கள். முதலில் சொன்ன அந்த முன்கை இறுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஹை ஸ்பீட் தடுப்பு அதிகமாக இருப்பதுதான், கல்லின் அடி முழுவதும் ஷாக்கில் தங்காமல் ஹேண்டில்பாருக்கு வந்துவிடுகிறது.

ரீபவுண்ட் என்பது அமுங்கிய ஷாக் திரும்பி விரியும் வேகம். வேகமாக விரிந்தால் பின்பக்கம் குதிரை மாதிரி உதைக்கும், இதை எல்லோரும் உடனே உணர்ந்துவிடுகிறார்கள். ஆனால் ரொம்ப மெதுவாக விரிந்தால் என்ன ஆகும் என்பது அவ்வளவு சுலபமாகத் தெரியாது. வரிசையாக ஆறு வேர்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேரில் அமுங்கிய ஷாக் முழுதாக விரிவதற்குள் இரண்டாவது வேர், அது விரிவதற்குள் மூன்றாவது. ஆறாவது வேர் வரும்போது ஷாக் அடியிலேயே உட்கார்ந்திருக்கும், வண்டி கட்டைபோல் ஆகிவிடும். ஓட்டுபவரோ ஸ்பிரிங் விறைப்பாக இருக்கிறது என்று நினைத்து கம்ப்ரெஷனைத் தளர்த்துவார், அப்போது இன்னும் ஆழமாக அமுங்கி நிலைமை இன்னும் மோசமாகும். வேர் வரிசையின் தொடக்கத்தில் வண்டி நன்றாக இருந்து முடிவில் கடினமாகிறது என்றால் கைவைக்க வேண்டியது ரீபவுண்டில், இரண்டு கிளிக் (திருகியைத் திருப்பும்போது கேட்கும் ஒவ்வொரு சத்தமும் ஒரு கிளிக்) வேகமாக்கிப் பாருங்கள்.

கிளிக் கணக்கை எப்படி எழுதுவது என்றால், திருகியை வலப்பக்கம் மெதுவாக, முட்டும் வரை உள்ளே திருகிவிட்டு, அங்கிருந்து வெளியே வரும்போது எண்ணுங்கள். முட்டியபிறகு பலம் கொடுத்துத் திருகக் கூடாது, உள்ளே இருக்கும் ஊசி போன்ற பாகம் கெட்டுவிடும். எதையும் மாற்றுவதற்கு முன்னால் கம்பெனி வைத்திருந்த எண்ணிக்கையை எழுதி வைத்துவிடுங்கள், வழி தவறினால் திரும்பி வர ஓர் இடம் இருக்கும். இன்னொன்று, அரை மணி நேரம் ஓடினால் ஷாக்கைத் தொட முடியாத அளவு சூடாகும், உள்ளே எண்ணெய் இளகிவிடும், தடுப்பு குறையும். ஷெட்டிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துச் செய்த அளவு முதல் சுற்றுக்கு மட்டுமே பொருந்தும். வண்டி சூடான பிறகு செய்யும் அளவுதான் நமக்கு வேண்டும்.

முன்சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்க ஹேண்டில்பாரை நேராக வைத்துக் கட்டிவிட்டு, இரண்டு முன்டயர்களின் நடுக்கோட்டுக்கு இடையே உள்ள தூரத்தை, ஆக்ஸில் உயரத்தில், முன்புறம் ஒரு தடவையும் பின்புறம் ஒரு தடவையும் அளந்து பாருங்கள். முன்புற அளவு 3 முதல் 6 மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் நல்லது, சக்கரங்கள் மிக லேசாக உள்நோக்கிப் பார்த்தபடி இருக்கும், நேர்ப்பாதையில் வண்டி அலையாது. டை ராடைத் திருகி இதைச் சரிசெய்யலாம். மரத்தில் இடித்து வந்த ஒவ்வொரு முறையும் இதை மறுபடி அளக்க வேண்டும், டை ராட் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்திருக்கும்.

கைக்கு வருவோம். ஸ்டீயரிங் டாம்பர் என்பது ஹேண்டில்பார் சட்டென்று திரும்புவதைத் தடுக்கும் ஒரு சின்ன எண்ணெய்க் கருவி. மறைந்திருந்த கல் ஒன்று ஒரு சக்கரத்தில் மட்டும் மோதும்போது ஹேண்டில்பார் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகுமே, அதை இது வாங்கிக்கொள்ளும். லீவர்களை, நீங்கள் நின்றுகொண்டு ஓட்டும்போது மணிக்கட்டு வளையாமல் விரல் எட்டும் கோணத்தில் வையுங்கள், உட்கார்ந்து பார்த்து வைக்காதீர்கள். குவாடில் த்ராட்டில் கட்டைவிரலால் அழுத்துவது, இரண்டு மணி நேரம் அழுத்தினால் அந்த விரலின் அடிப்பகுதி எப்படி வலிக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். கேபிளைச் சுத்தம் செய்து, கூர்மையான வளைவு இல்லாமல் செலுத்தினாலே பாதி பாரம் குறைந்துவிடும். கிளைகள் விரலில் அடிக்காமல் இருக்க ஹேண்ட் கார்டு கட்டாயம் போடுங்கள்.

பாதுகாப்புப் பாகங்களில் முதலாவது நெர்ஃப் பார், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் வரும் குழாய்ச் சட்டமும் வலையும். பக்கத்தில் வரும் வண்டியின் சக்கரம் உங்கள் சக்கரங்களுக்கு நடுவே நுழைந்து சிக்கிக்கொள்வதையும், உங்கள் கால் பெக்கிலிருந்து நழுவிப் பின்சக்கரத்துக்குக் கீழே போவதையும் இதுதான் தடுக்கிறது. பல பந்தயங்களில் இது இல்லாமல் வண்டியை உள்ளேயே விட மாட்டார்கள். கில் ஸ்விட்ச் கயிறும் அப்படித்தான். ஒரு முனை வண்டியில், மறுமுனை உங்கள் மணிக்கட்டில், நீங்கள் விழுந்தால் கயிறு கழன்று இன்ஜின் நின்றுவிடும். ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும்போதும் அதை ஒருமுறை இழுத்து, இன்ஜின் நிஜமாகவே நிற்கிறதா என்று பாருங்கள், சேற்றுத் தண்ணீரில் அந்த ஸ்விட்ச் துருப்பிடித்து வேலை செய்யாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். அடிப்பக்கம் முழுவதற்கும், பின் ஆக்ஸிலைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும், ஏ ஆர்ம்களுக்கும் கல் அடிக்காமல் காக்கும் தகடான ஸ்கிட் பிளேட் வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட்டையும் டிஸ்க்கையும் மூடும் கவசத்தை மறந்துவிடாதீர்கள், மேலே சொன்ன அந்த 6 அங்குலம் போதாத அடிக்கட்டைகளும் இருக்கின்றன.

இன்ஜினைப் பற்றி இப்போது பேசலாம், சுருக்கமாகவே. 450 சிசி இன்ஜினில் கம்பெனி கொடுத்த சக்தியே ஒரு புதியவருக்குத் தேவைக்கு மேல். அதைக் கூட்டாமல் கியரிங்கை மட்டும் சரிசெய்யுங்கள். முன்னால் 14 பல், பின்னால் 38 பல் இருந்தால் விகிதம் 2.71. முன் ஸ்ப்ராக்கெட்டை 13 ஆக்கினால் 2.92. பின்னால் 41 போட்டாலும் 2.93, ஏறத்தாழ அதேதான். முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம் என்று நினைவில் வையுங்கள். தரையிலிருந்து உயரம் முக்கியம் என்பதால் பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்காமல் முன்னதைச் சிறிதாக்குவதைத்தான் நான் விரும்புவேன். 18 அங்குல டயரை 20 ஆக்கியவர்கள் இதைக் கட்டாயம் செய்தாக வேண்டும், ஏனென்றால் டயர் உயரமானதால் மட்டுமே கியரிங் 11 சதவீதம் நீண்டுவிட்டது, இரண்டாவது கியரில் ஏற வேண்டிய மேட்டில் வண்டி மூச்சுவாங்கும். நெருக்கமான வளைவுகளில் இன்ஜின் அடிக்கடி நின்றுபோகிறது என்றால் இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் கொஞ்சம் எடை சேர்ப்பது நல்ல மருந்து, வேகம் எடுப்பது சற்று மென்மையாகும், அதுவும் கைக்கு நல்லதே. செயினின் தளர்ச்சியை ஒருவரை வண்டியின்மேல் உட்காரவைத்துப் பாருங்கள், முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் ஆணி, ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகமாக இறுகும், அந்த நிலையிலும் கொஞ்சம் தளர்ச்சி மிச்சமிருக்க வேண்டும்.

ஏர் ஃபில்டரை ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் கழுவி, ஃபில்டர் எண்ணெய் ஊறவைத்து, விளிம்பில் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். தூசி போன இன்ஜின் திரும்பி வராது. ஓடை கடக்கும் தடம் என்றால் இன்ஜினிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் வரும் சின்னக் காற்றுக் குழாய்களின் முனையை ஹேண்டில்பார் அருகே உயரமாகக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். சேறு ரேடியேட்டரை அடைத்தால் சில நிமிஷங்களில் தண்ணீர் கொதித்துவிடும், அதன்முன் ஒரு வலைக் கவசமும் எளிதில் சேற்றைத் தட்டிவிடும் வழியும் வேண்டும். பெட்ரோல் எவ்வளவு தேவை என்று ஊகிக்காதீர்கள், டேங்க்கை நிரப்பி அரை மணி நேரம் பந்தய வேகத்தில் ஓட்டுங்கள், மறுபடி நிரப்ப எத்தனை லிட்டர் ஆனது என்று அளங்கள், 2 மணி நேரத்துக்கு அதை நான்கால் பெருக்கினால் முடிந்தது. டேங்க் போதாது என்றால் நடுவில் ஒரு நிறுத்தம் வேண்டும், அல்லது பெரிய டேங்க். பேட்டரியையும் பாருங்கள், ஜிஎன்சிசி போன்ற பந்தயங்களில் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்து, கொடி அசைந்ததும்தான் ஸ்டார்ட் செய்து கிளம்ப வேண்டும், சோர்ந்த பேட்டரி அங்கேயே காலை வாரிவிடும்.

முந்தின நாள் எல்லா நட்டுகளையும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கி, நட்டிலும் ஃப்ரேமிலும் சேர்த்து பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் நட் தளர்ந்திருக்கிறது, தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். ஆக்ஸில் நட், சக்கர நட், ஏ ஆர்ம் போல்ட், டை ராட், ஸ்டீயரிங் தண்டு, இவற்றில் கண் வைத்தால் போதும்.

சோதனை ஓட்டத்துக்கு வேர், கல், வளைவு, இறக்கம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் ஒரு சின்னச் சுற்றைத் தேர்ந்தெடுங்கள், பத்து நிமிஷத்தில் முடிகிற மாதிரி. பந்தயத்துக்குரிய எல்லா உடைகளோடும் இறங்கி, நிறுத்தாமல் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஷாக்கின் தண்டில் ஒரு சின்ன கேபிள் டையை மாட்டி விட்டிருந்தால் அது எதுவரை தள்ளப்பட்டிருக்கிறது என்பது, எவ்வளவு பயணம் உபயோகமானது என்று காட்டும். ஒரு மணி நேரம் முடிந்து கை களைத்து, ஷாக் சூடாகி நிற்கிற அந்த நேரத்தில்தான் முதல் கிளிக்கைத் திருகுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும், இரண்டு கிளிக். எழுதிக்கொள்ளுங்கள், உடனே ஏறி இன்னொரு சுற்று போய்விட்டு வாருங்கள். என்னுடைய நோட்டில் ஒவ்வொரு வரியிலும் டயர் காற்று, மூன்று ஷாக்கின் கிளிக், தடம் ஈரமா உலர்ந்ததா என்பதோடு, கடைசி கட்டத்தில் "கை" என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் ஒன்றிலிருந்து பத்துவரை ஓர் எண், வண்டியை நிறுத்தியவுடன் கையுறையைக் கழற்றுவதற்கு முன்னால் எழுதுவது.